முன்னேற்றம் திருப்தியில்லை

தென்காசி
12.3.2024

அன்பு மகள் சங்கரேஸ்வரிக்கு அப்பா எழுதுவது.

உன் பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டு விலாசத்துக்கு வந்த தபாலை நான் பிரித்துவிட்டேன். உன் பெயருக்கு வந்ததைப் பிரித்தது தப்புதான். பிரித்தாகிவிட்டது. இந்த அரையாண்டு உன் ஆராய்ச்சியில் ‘முன்னேற்றம் திருப்தியில்லை’ என்று கமிட்டி எழுதியிருக்கிறது. அடுத்த கமிட்டியிலும் இப்படியே வந்தால் உன் பதிவை ரத்து செய்வார்களாம். இங்கிலீஷில் இருந்தது. கடைக் கணக்கரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாம். வீட்டு விஷயம் அவருக்கு எதற்கு என்று, நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அகராதி பார்த்து வாசித்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

நலம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டேன். நானும் அம்மாவும் நலம். நீ நலமா? போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய். பொங்கலுக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். சரக்கு எடுக்கிற வெளியூர்ப் பார்ட்டிகளுக்குக் கடிதம் எழுதித்தான் இந்தக் கமிஷன் கடையை வளர்த்தேன். எழுதினால் கோபம் பாதி குறைந்துவிடும்.

புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை மூடை சுமந்து மேலே வந்தவன் நான். ஒரு சரக்கு போகவில்லை என்றால் சரக்கு சரியில்லாமல் இருக்கும், இல்லை சந்தை சரியில்லாமல் இருக்கும், இல்லை இடையில் நிற்கிறவன் சரியில்லாமல் இருப்பான். உன் விஷயத்தில் இது எது? மறைக்காமல் எழுது.

உன் அப்பா
இசக்கிமணி


சென்னை
21.3.2024

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. நான் ஓரளவு நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? 

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பேராசிரியர்கள் முன்னால் நான் உட்காரவேண்டும். இத்தனை அத்தியாயம், இத்தனை கருத்தரங்கு, அச்சில் ஒரு கட்டுரை, நிரப்பிய வினாத்தாள் இருநூறு என்று கணக்கு இருக்கிறது. என் ஆய்வு நம் பக்கத்துப் பெண்களைப் பற்றியது. கணவர் வளைகுடாவில் இருக்க, கடையநல்லூரிலும் வீரகேரளம்புதூரிலும் தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்கள். முதல் தடவை போனால் “எங்களுக்கு என்னம்மா கொற” என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மூன்றாவது தடவை, கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார்கள். பேர் வெளியே வராது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்துத்தான் பேச்சை ஒலிப்பதிவு செய்கிறேன். இதில் இருநூறு எப்போது சேரும்? சிலர் ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் தாங்களே நிரப்பிவிடுகிறார்கள். என் நெறியாளர் ரவி சாருக்கும் அது தெரியும். “நீ மட்டும் ஏம்மா கஷ்டப்படுற?” என்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். போன வருஷத்திலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. ஒரு டாக்டரிடம் போனேன். மன அழுத்த நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். காலையில் தலை கனத்துப்போய் எழுத முடிவதில்லை. அதனால்தான் பிந்திவிட்டேன். டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்குத் தெரியும். அறைத்தோழி பர்சானாவுக்குக்கூடத் தெரியாது. அம்மாவிடமும் சொல்லவேண்டாம், எல்லா நோய்க்கும் மருந்து என்று சங்கரன்கோவில் புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டி அனுப்புவாள். முக்கியமாக, என் துறையில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. மனசைப் பற்றிப் படிக்கிற இடம், இரக்கம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்புடன்
சங்கரி


தென்காசி
2.4.2024

அன்பு மகள் சங்கரிக்கு,

நாங்கள் நலம். இனி உன் நலத்தைப் பற்றி ஒப்புக்குக் கேட்கமாட்டேன், தெரிந்தே கேட்பேன். தூங்கினாயா? சாப்பிட்டாயா?

உன் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டேன். ஏலம் நடக்கிற நேரம். “அண்ணாச்சி, என்ன ஆச்சி?” என்று எல்லாரும் கேட்டார்கள். பல்வலி என்றேன். நான் மூச்சு விடமாட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. இது என் வாக்கு.

ஆனால் ஒன்று யோசித்துப்பார். எங்கள் கடையில் சரக்கு எடுத்தவன் தவணை கேட்டு வருவான். சும்மா கேட்டால் ஏசி அனுப்புவோம். “வீட்டுல சொகமில்ல அண்ணாச்சி” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது, அடுத்த சந்தை வரைக்கும் அவனைக் கேட்கமாட்டோம். அவன் சொன்ன கஷ்டத்தை டீக்கடையில் உட்கார்ந்து இன்னொருவனிடம் சொல்லவும் மாட்டோம். அப்படி வெளியே சொல்கிறவனை மார்க்கெட்டில் ஒருவனும் மதிக்கமாட்டான். இத்தனை வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. உன் ரவி சாரும் மனுஷன்தானே?

ஜூனில் சாரல் விழுந்ததும் வெளியூர்ப் பார்ட்டிகளைக் குற்றாலத்துக்குக் கூப்பிடுவோம், ரூம் போட்டு, எண்ணெய் தேய்த்து, அருவியில் நிற்க வைத்து. அந்த வரிசையில் உன் சாரையும் கூப்பிட்டால் என்ன? நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

அப்பா


சென்னை
17.5.2024

அன்புள்ள அப்பா,

நலம். இந்தத் தடவை உண்மையாகவே நலம். நீங்களும் அம்மாவும் வெயிலில் ஜாக்கிரதை.

பதில் எழுதப் பிந்தியதற்கு நல்ல காரணம் இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்தேன். டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். இரண்டு அத்தியாயம் முடியப்போகிறது. கருத்தரங்குக்கு என் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். வினாத்தாள் கணக்கைப் பற்றித் துறைத்தலைவரிடம் நேரில் பேசினேன், பேட்டி ஆழமாக இருந்தால் எண்ணிக்கை குறையலாம் என்று ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் கமிட்டியில் தேறிவிடுவேன் அப்பா.

அதனால் ரவி சாரைக் கூப்பிடவேண்டாம். அவர் எலுமிச்சை எடுக்க வருகிற பார்ட்டி இல்லை. நீங்கள் அவரிடம் போனில்கூடப் பேசவேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்
சங்கரி


தென்காசி
8.7.2024

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சாரல் நன்றாக இருக்கிறது, தென்காசி முழுக்க ஈரக்காற்று. அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். உன் உடம்பு எப்படி?

கோபப்படாமல் வாசி. ரவி சார் வந்துவிட்டுப் போனார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அந்தத் தபாலின் தலைப்பில் துறையின் போன் நம்பர் இருந்தது. சாரல் பார்க்க வாருங்கள் என்று மட்டும்தான் சொன்னேன், மறுவாரமே வீட்டம்மாவோடு வந்து இறங்கிவிட்டார். ஐந்தருவியில் கூட்டம் நெரிந்தது. பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். எண்ணெய் தேய்க்கிற செல்லச்சாமியை உனக்குத் தெரியும், அவன் வாய் சும்மா இருக்குமா?

“சாருக்குத் தோளு கல்லு மாதிரில்லா இருக்கு. மூடை தூக்குத வேலையா?”

“புரொபசர்லே. மரியாதையாப் பேசு.”

“அப்பம் பிள்ளையளுக்கு மார்க்குப் போடாம இழுத்துப் பிடிச்சித்தான் இப்படி இறுகிப் போச்சி.”

சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நிம்மதின்னா என்னன்னு இங்க வந்துதான் தெரியுது அண்ணாச்சி” என்றார்.

“அதத்தான சார் அங்கன பாடமா நடத்துதீய?” என்று கேட்டேன்.

“நடத்துறது வேற அண்ணாச்சி” என்றார்.

தங்கமான மனுஷன். தலையில் எண்ணெய் ஊறுகிற நேரத்தில் நாங்கள் மனம்விட்டுப் பேசினோம். பெற்றவனும் ஆசிரியரும் பேசிக்கொள்ளவேண்டியதைப் பேசினோம். என் கையைப் பிடித்து, “எங்கிட்ட சொல்லிட்டீங்கல்ல, நான் பாத்துக்கிறேன்” என்றார். போகும்போது பலாப்பழமும் நன்னாரி சர்பத்தும் காரில் ஏற்றிவிட்டேன். வீட்டம்மா அடுத்த வருஷமும் வருவதாகச் சொன்னார்கள்.

இனி நீ பயப்படாமல் எழுது.

அப்பா


சென்னை
13.7.2024

அப்பா,

நலம் விசாரிக்க இப்போது மனம் இல்லை.

“எங்கிட்ட சொல்லிட்டீங்கல்ல” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவரிடம் சொன்னது என்ன? அதை மட்டும் எழுதுங்கள்.

சங்கரி


தென்காசி
24.7.2024

அன்பு மகள் சங்கரிக்கு,

நாங்கள் நலம், உன் நலம் அறிய எழுதவும்.

இந்த வாரம் மழை கூடிவிட்டது. மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்ததால் யாரையும் குளிக்க விடவில்லை. லாட்ஜ்காரர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேரளா லாரிகள் செங்கோட்டையில் நிற்கின்றன, எலுமிச்சை தேங்கிக் கிடக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு மூலிகைத் தைலம் வாங்கிக் கொடுத்தேன், தேவலை என்கிறாள். உன் சித்தப்பா மகள் மஞ்சுவுக்கு போலீஸ் வேலை கிடைத்துவிட்டது. தெரு முழுக்க லட்டு கொடுத்தார்கள்.

பேசினதெல்லாம் பொதுவான பேச்சுதான். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் கமிட்டி வேலையைப் பார். ஊறுகாய் பார்சலில் வருகிறது. மூடி இறுக்கமாக இருக்கும், பார்த்துத் திற.

அப்பா


சென்னை
19.8.2024

அப்பா,

கமிட்டி முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இரண்டு அத்தியாயத்தையும் மூன்று பிரதி எடுத்து, மேஜையில் ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தேன். அவற்றை யாரும் புரட்டவில்லை. ரவி சார்தான் ஆரம்பித்தார். “சங்கரேஸ்வரி நல்ல பொண்ணு. ஆனா ஒரு விஷயத்த கமிட்டிகிட்ட மறைக்கிறது எனக்கு நியாயமாப் படல. இவங்க மனநலச் சிகிச்சையில இருக்காங்க. அவங்க அப்பாவே என் கையப் பிடிச்சிக் கண்கலங்கிச் சொன்னார். ஏற்கனவே கஷ்டத்துல இருக்கிற பெண்கள்கிட்ட இவங்கள அனுப்பலாமாங்கிறத நாமதான் யோசிக்கணும்” என்றார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. எனக்காக வருத்தப்படுகிறவர் போலவே பேசினார். இருநூறு வினாத்தாளை நிரப்பிக் கொடுக்காதவளைத் தள்ளிவிட இதைவிட மரியாதையான வழி அவருக்குக் கிடைத்திருக்காது. அந்த வழியை நீங்களே அவரை ஊருக்கு வரவழைத்து, எண்ணெய் தேய்த்துவிட்டு, அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

இன்னொரு பேராசிரியர், அம்மா வயசு, என்ன மாத்திரை, எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொன்னேன். தற்கொலை எண்ணம் வந்ததுண்டா என்று கேட்டார். மூன்று பேர் முன்னால், ஏ.சி. ஓடுகிற அறையில். கடையநல்லூரில் ஒரு பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்க நான் மூன்று மாதம் காத்திருந்தேன் அப்பா.

மனநலம் சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்கும் வரைக்கும் பேட்டிக்குப் போகக்கூடாது. போகாமல் ஆய்வு இல்லை. வேலை நிற்கக்கூடாது என்பதால் என் ஒலிப்பதிவுகளை சாரின் இன்னொரு மாணவரிடம் ஒப்படைக்கவேண்டும். கடைசியில் அதே வரி, முன்னேற்றம் திருப்தியில்லை.

அன்றைக்கே எல்லா ஒலிப்பதிவையும் அழித்துவிட்டேன். பேர் வெளியே வராது என்று அந்தப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மறுநாள் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன்.

தவணை கேட்டவன் கஷ்டம் வெளியே போகாது என்று எழுதினீர்கள். அந்தக் கடை புளியங்குடியில் இருக்கிறது. ரவி சாரிடம் எனக்குக் கோபம் இல்லை, அவரை எனக்கு முன்பே தெரியும். மூச்சு விடமாட்டேன் என்று சொன்னது நீங்கள்.

சங்கரி


தென்காசி
6.10.2024

ஏட்டி சங்கரி,

அம்மா எழுதுதேன். நல்லா இருக்கியா? எனக்கு ஒன்னமாதிரி எழுதத் தெரியாது, பேசுத மாதிரிதான் எழுதுவேன்.

ஆகஸ்டுல இருந்து ஒரு கடுதாசியும் இல்ல, போனும் இல்ல. ஒங்க அப்பா அந்தக் கடுதாசிய சட்டைப் பையிலயே வச்சிட்டு அலையுதாவ. நாலஞ்சு நா கடைக்கே போகல. ஒருநா அந்த வாத்தியான் சட்டையப் பிடிச்சிருவேன்னு சொல்லிட்டு மெட்ராஸ் பஸ்ஸுல ஏறினாவ. ராஜபாளையத்துல எறங்கித் திரும்பி வந்துட்டாவ. ஏன்னு கேட்டா, “அவன் சட்டையப் பிடிச்சி என்னன்னுட்டி கேக்க? நாந்தானே சொன்னேன்”ங்காவ. அப்பமும் எனக்கு ஒண்ணும் வெளங்கல. பெறவு ஒங்கடுதாசி எல்லாத்தையும் மொதல்ல இருந்து எடுத்து வாசிச்சேன்.

ஏட்டி, ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பெறவுதான் பெத்தவளுக்குத் தெரியணுமா? புத்துமண்ணு அனுப்பிருவேன்னு சொல்லியிருக்க. ஆமா, அனுப்புவேன். அத ஒருத்தர்ட்டயும் சொல்லாமத்தான் அனுப்பியிருப்பேன்.

முந்தாநா அந்த சாரு போன் பண்ணுதாரு. மச்சான் குடும்பம் குற்றாலம் வருதாம், ரூம் போடணுமாம். ஒங்க அப்பா போன வச்சிட்டுப் பொறவாசலுக்குப் போனாவ. பெறவு லாட்ஜுக்குப் போன் பண்ணி ரூம் போட்டுக் குடுத்துட்டாவ. நான் ஏசினேன். “எதுக்குப் போட்டீய?”ன்னு கேட்டேன். “எம்பிள்ள கத அவன் வாயில இருக்குட்டி. இன்னும் யார் யார்ட்ட சொல்லுவானோ”ங்காவ.

தீவாளிக்கு வா. ஒண்ணும் கேக்க மாட்டோம்.

ஒங்கம்மா
மாரித்தாய்


சென்னை
14.11.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். நீங்கள் நலமா? தீபாவளிக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று தெருவில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார் கேட்கிற வேலையில் சேர்ந்திருக்கிறேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குறை கேட்கவேண்டும். யாரும் நம்பிச் சொல்வதில்லை, கோபத்தில் சொல்கிறார்கள். அது சுலபமாக இருக்கிறது. இங்கேயும் மாதா மாதம் முன்னேற்றம் பார்க்கிறார்கள். போன மாதம் திருப்தி என்று போட்டார்கள்.

அம்மா, உன்னிடம் சொல்லாததற்கு மன்னித்துக்கொள். இனிச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

அப்பா, நீங்கள் செய்தது பாசத்தில் செய்தது என்று எனக்குத் தெரியும். பாசமில்லாமல் செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். பேசாமலேயே இருந்துவிடவும் எனக்கு முடியவில்லை. அதனால் உங்கள் கடை முறையில், வியாபாரம் மாதிரி பேசி முடித்துக்கொள்வோம். பொங்கலுக்கு வருகிறேன். வீட்டில் இருப்பேன், சாப்பிடுவேன், அம்மாவோடு கோயிலுக்குப் போவேன். மாத்திரை சாப்பிடுகிறேனா, தூங்கினேனா, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடாது. கடிதத்தில் நலமா என்று கேட்கலாம். நலம் என்று எழுதுவேன். எப்படி இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன்.

சம்மதம் என்றால் எழுதுங்கள். டிக்கெட் எடுக்கவேண்டும்.

சங்கரி


தென்காசி
2.12.2024

அன்பு மகள் சங்கரேஸ்வரிக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். நீ நலம் என்று எழுதியிருந்தாய்.

நான் சொன்னேன். பழைய குற்றாலத்தில், படிக்கட்டில் உட்கார்ந்து, “எம்பிள்ளைக்கு மனசு சொகமில்ல சார், மாத்திரை திங்கா, கொஞ்சம் தவணை குடுங்க” என்று கேட்டேன். அவன் தலையாட்டினான். முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவன் என்று என்னைச் சொல்வார்கள். அன்றைக்கு அவன் முகம் முழுக்க எண்ணெய் வழிந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜூலையில் நீ கேட்டபோதே இதை எழுதியிருந்தால், கமிட்டிக்கு முன்னால் ஏதாவது வழி பார்த்திருப்பாய். எழுதாமல் மழையைப் பற்றி எழுதினேன்.

அம்மா வாசலில் நின்று சொல்லச் சொன்னாள்: “பொங்கலுக்கு வந்தா போதும். வாய மூடிக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க.” அவளுக்கும் சேர்த்துத்தான் நான் எழுதுகிறேன்.

ரொம்ப முடியாமல் போனால் மட்டும் ஒரு வரி எழுது என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியத்தான் செய்யும்.

பேசி முடித்தது இது. பொங்கலுக்கு நீ வருவாய். வீட்டில் இருப்பாய், சாப்பிடுவாய். முகம் எப்படி இருந்தாலும் நாங்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம். நலமா என்று நான் எழுதுவேன். நலம் என்று நீ எழுதுவாய். அதற்கு மேல் நான் கேட்பதில்லை, நீ சொல்வதில்லை.

சம்மதம்.

இசக்கிமணி